ஜன்னலைப் பார்த்துச் சொன்ன சொற்கள்

போன மாதம் ஒரு இளம் வாத்தியார் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மாலை வகுப்பை எடுத்துக்கொண்டவர். கையில் புதிதாக அச்சான ஒரு சொற்புத்தகம். பரீட்சைக்குப் போகிறவர்கள் படிக்கவேண்டிய இங்கிலீஷ் சொற்களைத் தலைப்பு வாரியாகப் போட்டிருந்தார்கள். 'கீழ்ப்படிதலும் எதிர்ப்பும்' என்று ஒரு தலைப்பு. அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் மனதில் நிற்கும், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தலைப்பில் என் அனுபவத்தை முழுக்கக் கேட்டால் தம்பி வேலையை விட்டே போய்விடுவார். காப்பி கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்தால், நான் செய்தது சரியா தப்பா என்று அன்றைக்குத் தெரியாதது இன்றைக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

நான் படித்த கதையெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. என்னைப் பினாங்குக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்கவைத்தார். படித்தேன், இரண்டு வருஷம் உதவி வாத்தியாராக இருந்தேன், இருபத்தாறு வயதில் சூலியாத் தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த மாலை வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். கீழ்நிலை உத்தியோகப் பரீட்சைகளுக்குப் பெரியவர்களைத் தயார் செய்வது அந்த வகுப்பின் வேலை. ஐரோப்பாவில் முதல் பெரிய சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் இருந்தது.

அப்போது ஊர் பேண்டில் வாசித்தவர்கள் மணிலாக்காரர்கள். திடலில் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் வாசிப்பார்கள். வீட்டில் பேசுவது அவர்கள் ஊர்ப் பாஷை, படித்ததும் ஜெபம் செய்வதும் தங்களுக்குள் கடிதம் எழுதுவதும் ஸ்பானியப் பாஷை, கடைத்தெருவில் மலாய். இங்கிலீஷ் மட்டும் அரைகுறை. ஒருமுறை பேண்ட் மாஸ்டர் போட்ட உத்தரவு ஒன்றை அவர்கள் செய்யவில்லை. கேட்டதற்குப் புரியவில்லை என்றார்கள். நிஜமாகவே புரியவில்லையோ, புரியாத மாதிரி இருந்தார்களோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். மேலே இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. இனி ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமானால் ஒவ்வொருவனும் வாய்மொழிப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும் என்று விதி வந்தது. உத்தரவு, கீழ்ப்படிதல், மறுப்பு, புகார், எதிர்ப்பு, இணக்கம், இதைச் சுற்றி அறுபது சொல். அறுபதும் தெரிந்துவிட்டால் இனிமேல் ஒருவனும் புரியவில்லை என்று சொல்ல முடியாதல்லவா. ஒப்பந்தம் முடிகிற ஆறு பேரை என்னிடம் அனுப்பினார்கள்.

அந்த ஆறு பேரில் மூத்தவன் பெலிப்பே. கிளாரினெட் வாசிப்பவன். நாற்பது வயதிருக்கும், அடர்ந்த மீசை, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. என்னைவிடப் பதினாலு வயது பெரியவன், ஆனாலும் நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பான்.

பெரிய சொல்லெல்லாம் அவர்களுக்கு லேசாக வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒபீடியன்ஸ், ரெசிஸ்ட், புரொட்டஸ்ட் என்றால் உடனே தலையாட்டுவார்கள். கிட்டத்தட்ட அதே சொல் அவர்கள் படித்த ஸ்பானியப் பாஷையிலும் இருக்கிறதாம். நம்மவர்கள் திணறுகிற இடத்தில் அவர்கள் நடந்து போய்விடுவார்கள். நம்மவர்கள் சுலபமாகப் பிடிக்கிற கிவ் இன், பேக் டவுன் என்று விட்டுக்கொடுப்பதற்கும் பின்வாங்குவதற்கும் உள்ள சின்னச் சொற்களில் கவிழ்ந்து விழுவார்கள். வாக்குவாதத்துக்கு எப்போதும் டிஸ்கஷன் என்பார்கள், ஸ்பானியத்தில் அதற்கு அப்படித்தான் பெயராம். நேற்று எங்கள் வீட்டில் ஒரு டிஸ்கஷன் நடந்தது, ஒருவனுக்குப் பல் போய்விட்டது என்று ஒருவன் மிகவும் அடக்கமாகச் சொன்னான். நான் கற்றுக்கொடுக்கிறேனா, கற்றுக்கொள்கிறேனா என்று எனக்கே குழம்பிப் போகும்.

முதல் சிக்கல் 'ரெஃப்யூஸ்' என்ற சொல்லில் வந்தது. என் முறை, சொல்லை வாக்கியமாக்கி, எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது. பெலிப்பே எழுந்தான். நேராக என் கண்ணைப் பார்த்து, உங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறேன் ஐயா என்று இங்கிலீஷில் கணீரென்று சொன்னான். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. பாடம்தான் என்று தெரியும், நான்தான் சொல்லச் சொன்னேன் என்றும் தெரியும். ஆனால் வாத்தியார் முகத்துக்கு நேரே அப்படி ஒரு சொல்லை ஒருவன் சொல்லிக் கேட்டுப் பழகாத உடம்பு இது. என் வாத்தியாருக்கு முன்னால் நான் தும்மக்கூடப் பயந்தவன். அடுத்தவன் எழுவதற்குள் நான் முந்திக்கொண்டு, இந்த மாதிரிச் சொற்களை ஜன்னலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இணக்கமான சொல் என் முகத்துக்கு, எதிர்ப்பான சொல் ஜன்னலுக்கு. அவர்கள் அணிவகுப்பில் நடந்து பழகியவர்கள். ஆகவே சும்மா திரும்ப மாட்டார்கள். குதிகாலைத் தட்டி, சிப்பாய் மாதிரி விறைப்பாகத் திரும்பி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, நான் மறுக்கிறேன், நான் எதிர்க்கிறேன், நான் பணிய மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுபடி குதிகாலைத் தட்டி என் பக்கம் திரும்புவார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர்களுக்கும் அது ஞாபகத்தில் நின்றது. எந்தச் சொல் எந்த வகை என்று உடம்பே சொல்லிவிடும். நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

ஜன்னலுக்கு எதிரே சந்தின் அந்தப் பக்கம் காசிம் நானாவின் சாப்பாட்டுக் கடை. ஒருநாள் அவர் மாடி ஏறி வந்துவிட்டார்.

"வாத்தியாரே, ஒங்க மணிலாக்காரனுங்க தெனம் என் கடையப் பாத்து ஏசுறானுங்கலா. நான் அவனுங்களுக்கு என்ன செஞ்சேன்? சோறு பத்தலேன்னா சொல்லச் சொல்லுங்க."

பாடம் நடக்கிறது என்று விளக்கினேன். அவர் பாதி நம்பினார். கீழே இறங்கும்போது, திட்டுறதுக்குமா பரீட்சை வைக்கிறானுங்க என்று முனகிக்கொண்டே போனார். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

நடுவில் பெலிப்பேக்கு ஒன்று நடந்தது. அவன் தம்பியும் அதே பேண்டில் கொம்பு வாசித்தவன். நெஞ்சில் நோய் வந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் புறப்பட்டது ஒரு சாயங்காலம், பேண்ட் வாசிக்கிற நேரத்தில். அரைமணி நேரம் விட்டால் துறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று பெலிப்பே கேட்டிருக்கிறான். துறை எங்கே இருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிஷம். முடியாது, வாசி என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். வாசித்தான். திடலுக்கு முன்னால் கடல். தம்பி போன கப்பல் கண்ணுக்கு எதிரே கடந்து போகும்போது இவன் நடனப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் ஹாங்காங்கிலிருந்து சேதி வந்தது, தம்பி வழியிலேயே இறந்துவிட்டான் என்று.

அதற்கு அடுத்த வகுப்பில் பெலிப்பே கை தூக்கினான். அவன் பேசுவது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். அன்றைக்கு நான் பேண்ட் மாஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் இந்த அறுபதில் எது என்று கேட்டான். நான் பட்டியலைப் பார்த்தேன். 'ரிக்வெஸ்ட்' என்றேன். அதைத்தான் சொன்னேன், அதற்கு அடுத்தது எது என்றான். மேலதிகாரியிடம் அதற்கு அடுத்தது சொல்லக்கூடாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தும் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

பரீட்சை ஏற்பாடுகளைக் கவனித்தவர் பெரிய கிராணி கனகசபை. யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கோட்டு, கழுத்து வரை பொத்தான். தன் மைக்கூட்டைத் தானே கொண்டுவருவார். பேனா முனையைத் துணியில் மூன்று தரம் துடைத்துவிட்டுத்தான் ஒரு எழுத்து எழுதுவார். அவர் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் ஒன்று காட்ட முடியாது. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, உயர்த்த வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அவர் கையொப்பத்தில்தான் என் வேலை இருந்தது.

பரீட்சை முறை இப்படி. அறுபது சொல்லும் அறுபது அட்டையில். எல்லா அட்டையும் ஒரு பிஸ்கட் டின்னில். பரீட்சை வைக்கும் வெள்ளைக்காரத் துரை ஒவ்வொருவனுக்கும் மூன்று அட்டை எடுப்பார். அவன் பொருள் சொல்லி, வாக்கியம் சொல்லி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மணிலாக்காரர்களின் பெயரும் முகமும் அலுவலகத்தாருக்குக் குழப்பம் என்பதால், வந்திருப்பவன் இன்னான் என்று அடையாளம் காட்ட நான் மூலையில் ஒரு முக்காலியில் இருக்கவேண்டும். முதல் நாளே கனகசபை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஐசே, உமக்கு அங்க ஒரு வேலைதான். ஆளைப் பாத்து ஆர் எண்டு சொல்லுறது. அதுக்கு மேல ஒரு சொல்லும் கதைக்கப்படாது. கதைச்சா அண்டைக்கே உம்மட வேலை முடிஞ்சுது. விளங்கிச்சோ?"

விளங்கியது என்றேன்.

முதலில் பெலிப்பே. துரை நடுவயதுக்காரர், சிடுசிடுப்பு இல்லாதவர். முதல் அட்டை 'ஒபே'. அருமையாகச் சொன்னான். இரண்டாவது அட்டையை எடுத்து வாசித்தார். 'ரெஃப்யூஸ்.'

குதிகால் தட்டும் சத்தம் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. பெலிப்பே துரைக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். உங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறேன் ஐயா என்றான், கணீரென்று. மறுபடி குதிகால். திரும்பினான்.

துரையின் முகம் காது வரை சிவந்தது. ஏன் திரும்பினாய் என்று கேட்டார். பெலிப்பே நின்ற இடத்திலேயே நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயந்த முகமாகத் தெரியவில்லை, எங்கோ தூரத்தில் எதையோ கேட்கிறவன் மாதிரி இருந்தான். துரை மூன்றாவது அட்டையை எடுக்கவே இல்லை. வெளியே போ என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அறுபது சொல்லைக் கற்றுக்கொடுத்தேன், எதிர்ப்பான சொல்லை என் முகத்துக்கு நேரே சொல்லாதே என்றேன், பரீட்சையில் அப்படித் திரும்பாதே என்று சொல்ல மறந்தேன். இது மூன்றாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். கனகசபையைப் பார்த்தேன். அவர் பேனா முனையைத் துடைத்துக்கொண்டே, தலையை மிக லேசாக, கூடாது என்று அசைத்தார். நான் முக்காலியிலேயே இருந்துவிட்டேன். அடுத்தவனுக்கு நல்ல அட்டையாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தது 'டிஃபை', எதிர்த்து நிற்பது. அவனும் குதிகாலைத் தட்டினான். மூன்றாமவனுக்கு 'புரொட்டஸ்ட்'. அவனும்.

துரை எழுந்துவிட்டார். ஆறு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள், இது கட்டுப்பாடாகச் செய்யும் கலகம், ஆறு பேரையும் அடுத்த கப்பலில் அனுப்புங்கள் என்று கனகசபையிடம் சொன்னார். வெளியே பெஞ்சில் மீதி மூன்று பேர் தலைசீவிச் சட்டை மாற்றிக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். கனகசபை பல்லுக்குள்ளேயே, இரும் காணும் என்று உட்காரச் சொன்னார். ஐயா, தப்பு என்னுடையது, நான்தான் அப்படித் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

ஏன் என்றார் துரை. எங்கள் வழக்கத்தில் அப்படிப்பட்ட சொல்லைப் பெரியவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை என்றேன். அவர்கள் உங்கள் வழக்கத்தார் இல்லையே என்றார். அவர்கள் என்னிடம் படித்தவர்கள் என்றேன். அப்படியானால் எனக்கு முதுகைக் காட்டுவது மரியாதையா என்றார். ஆமாம் ஐயா என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

துரை கையைக் கட்டிக்கொண்டார். சரி, நீ அந்த வாக்கியத்தை இப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல், இது என் உத்தரவு என்றார்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னால் முடியவில்லை. பாதி வாக்கியத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. நான் நின்ற பக்கம் ஜன்னலும் இல்லை. சுவரில் சக்கரவர்த்தியின் படம்தான் மாட்டியிருந்தது. உங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறேன் என்ற வாக்கியத்தின் பின்பாதியைச் சக்கரவர்த்தியின் தாடியைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

பிறகு துரை நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகத்தான் போனது. வெளியே அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். உன் வாத்தியார் சொன்னதால் திரும்பினாயா என்று இரண்டாமவனைக் கேட்டார், ஆமாம் ஐயா என்றான். மூன்றாமவனும் அதையே சொன்னான். இருவருக்கும் மீதி அட்டைகளை எடுத்து, தேறினாய் போ என்றார். பெஞ்சில் காத்திருந்த மூவரும் தேறினார்கள். கடைசியில் பெலிப்பே வந்தான். அவன் சொல்லவேண்டியது ஒரே சொல். ஆமாம் என்றால் இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தம்.

அதே கேள்வியைத் துரை கேட்டார். பெலிப்பே முதலில் என்னைப் பார்த்தான். பிறகு துரையின் கண்ணை நேராகப் பார்த்து, திரும்பாமல், குதிகால் தட்டாமல், இங்கிலீஷிலேயே மெதுவாகச் சொன்னான்.

"அவங்களுக்கு ஆமாம் ஐயா. எனக்கு இல்லை. என் தம்பி கப்பல் போன அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்போ சொல்றேன். அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறேன்."

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கப்பல், எந்த உத்தரவு என்று கனகசபையைக் கேட்டார். அவர் இரண்டு வரியில் சொன்னார். துரை பிஸ்கட் டின்னை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார். இவன் சொன்னதன் பொருள் இவனுக்குத் தெரிந்துதான் சொல்கிறானா, அல்லது பாடம் ஒப்பிக்கிறானா, நீ இவன் வாத்தியார், நீ சொல் என்றார். வழி விடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தெரியாமல் சொல்கிறான் என்று நான் சொன்னால் ஆறு மாதம் கழித்து மறுபரீட்சை, அதுவரை வேலை இருக்கும். தெரிந்து சொல்கிறான் என்றால் பரீட்சையில் தேறுவான், வேலை போகும்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து கனகசபையின் குரல் தமிழில் கேட்டது. விதியை விட்டு ஒரு மயிரிழை விலகாத மனுஷன்.

"விளங்கேல்லை எண்டு சொல்லும். அந்தாளின்ர பிழைப்பு போகப் போகுது."

பெலிப்பே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பாற்று என்கிறானா, காட்டிக்கொடுக்காதே என்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் யாரும் பேசாத இங்கிலீஷை அவன் அன்றைக்குப் பேசியிருந்தான். அதைக் கிளிப்பேச்சு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"தெரிந்துதான் சொல்கிறான் ஐயா," என்றேன்.

துரை தலையை அசைத்தார். கனகசபை பேனா முனையைத் துடைக்காமலே பதிவேட்டில் எழுதினார். பெலிப்பே, தேர்ச்சி. பக்கத்துக் கட்டத்தில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

விதி மீறிப் பேசியதற்கு எனக்கு வேலை போகவில்லை. கனகசபை அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவுமில்லை, பேசவுமில்லை. என்னோடும் நாலு மாதம் பேசவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். நல்ல காரியம் செஞ்சீங்க, ஒங்க பாடம் நெலச்சுது, அவரு வீட்டு அடுப்பு அணஞ்சுது என்றாள். அவள் சொன்னது தப்பு என்று சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. உண்மைக்காகச் சொன்னேனா, என் மாணவன் முட்டாள் என்று பதிவேட்டில் ஏறக்கூடாது என்ற அகம்பாவத்தில் சொன்னேனா என்று அப்போதும் குழப்பம், இப்போதும் குழப்பம்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெலிப்பே என் வீட்டுக்கு வந்தான். தேறியதற்குச் சான்றிதழ் வேண்டுமாம், மணிலாவில் இப்போது அமெரிக்கர்கள் ஆட்சி, இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கலாம் என்றான். நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். துரை முதலில் அந்த அட்டையை எடுத்தபோதே நீ தீர்மானித்துத்தான் திரும்பினாயா, அல்லது நான் பழக்கியபடி திரும்பினாயா?

அவன் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாதவன் யோசிக்கிற மாதிரி யோசித்தான்.

"நீங்க பழக்கினபடிதான் மாஸ்டர் திரும்பினேன். சொல்லி முடிச்சுட்டு அங்கேயே நின்னேன் இல்லையா, அப்போதான் என்ன சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு."

நன்றி என்று சொல்லிக் கைகொடுத்தான். வாசல் வரை போய் நின்றேன். அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.